அம்மா கேட்ட காற்று

ஆடி 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. ஈரத்தோடு எடுத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டாயிற்று.

குமரேசா, முதலில் மன்னிப்பு. இது உன் டைரி. நீ சேலத்து ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே உனக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் உன் பெயர், "இன்று முதல் தினமும் எழுதுவேன்" என்று ஒரு வரி. அதோடு சரி. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பட்டம் வாங்கியவள் என்று பேர்தான், பரீட்சையைத் தவிர எதற்கும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் இங்கே. வந்ததும் படித்துவிட்டுச் சிரி.

இன்று ஊரில் காப்புக் கட்டு. மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும். பெரிய மாமாதான் வழக்கம்போல முன்னால் நின்று அதிகாரம். பூசாரி ஒவ்வொரு கையிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த புதன் காப்பு அவிழ்க்கும் வரை:
தாளிப்பு கூடாது.
கறி, முட்டை கூடாது.
பகலில் எங்கேயும் போகலாம். விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வெளியே ராத்தங்கல் இல்லை.
ஊரில் சாவு விழக் கூடாது. (இது யார் கையில் இருக்கிறது?)

சாவு விழுந்தால் எல்லாம் நின்றுபோகும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு வருடம் அப்படி நின்றது. ஞாபகம் இருக்கிறதா? கோயில் முன்னால் நோன்புக்கு நட்ட கம்பத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்த வருடம் மிளகு காய்க்காததற்கும் மாடு செத்ததற்கும் அந்த வீட்டைத்தான் சொன்னார்கள். இன்னும் சொல்கிறார்கள்.

அம்மா முறை வந்ததும் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"எங்க உன்ற பையன்? நாட்டு எல்லையவே தாண்டிட்டான், ஊரு எல்லைக்கு எங்க வரப்போறான்!"

எல்லோரும் சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள்.

"அவன் பங்குக் கயித்தைக் குடுங்கண்ணா. நாங் கட்டிக்கறேன்."

"யாரு கையில கட்டுவ?"

"எங்க ஊட்டுல கட்டறேன். உங்குளுக்கென்ன?"

நீ சட்டை மாட்டுகிற ஆணியில் கட்டியிருக்கிறாள். முடிச்சுக்கு மேல் முடிச்சு. ஆணிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமமும் வைத்தாள். அப்பா பார்த்துவிட்டு, "ஆணி எல்லை தாண்டாம இருக்கோணும்" என்றார். அவரும் சில சமயம் பேசுவார்.

மாலை கிரீஸிலிருந்து உன் குரல் செய்தி. "அக்கா, பாய்மரப் படகுப் போட்டிக்கு இன்னிக்குக் கெளம்பறமுங்க. எஞ்சினே போடக் கூடாது, காத்துதான். தீவு தீவாச் சுத்திட்டுப் பொறப்பட்ட எடத்துக்கே வரோணும். அஞ்சாறு நாளாவுமாம். நான் சமையல்தான், பயப்படாதீங்க."

அம்மாவுக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினேன். "எதுக்கு அத்தனை பாடு, பொறப்பட்ட எடத்துக்கே வாரதுக்கு?" என்கிறாள்.

ஆடி 8, புதன்

மழை தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே ஏற்காடு. கடையில் கூட்டம்: சாதிச் சான்று இரண்டு, பட்டா ஒன்று, கல்லூரி விண்ணப்பம் நாலு.

ஜமீலா அக்கா (இந்த ஜெராக்ஸ் கடை அவருடையது, நீ இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாய்) போட்டிப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார். நீல நிறக் கடல். ஒவ்வொரு படகுக்கும் ஒரு சின்ன அம்பு. உன்னுடையது பச்சை.

"ஏ புள்ள, கால் டாக்ஸி வர்ற மாதிரியே நகருது! எங்க, இறங்கறப்ப ஓடிபி கேப்பாங்களா?"

விண்ணப்பம் எழுத வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். "இந்தப் பச்சை இருக்குது பாருங்க, அது இந்தப் புள்ளையோட தம்பி." எனக்கு வெட்கம். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மதியம் நீ அனுப்பிய படம். சமையலறைச் சணல் கயிறு, குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள் தூளில் புரட்டி வலது கையில் கட்டியிருக்கிறாய். "நானும் காப்புக் கட்டிட்டனுங்க. மாமாகிட்டச் சொல்லுங்க." சொன்னேன். போனை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "சணலு செல்லாது" என்றார்.

தண்ணீரில் விழுந்துவிட மாட்டாயா என்று அம்மா கேட்டதற்கு உன் பதில்: "மேல வந்தா இடுப்புல வார் போட்டு, கொக்கியப் படகுல மாட்டிக்குவங்கம்மா. மாட்டுக்குக் கயிறு போட்ட மாதிரி. எங்கயும் போயிர மாட்டேன்." அம்மா தலையை ஆட்டினாள். மாடு அவளுக்குப் புரியும்.

ஆனால் காற்று என்ற சொல் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆடியில் நமக்குக் காற்று என்றால் என்ன: பிஞ்சுக் காப்பிக்காய் உதிர்வது, சில்வர் ஓக் கிளை முறிந்து மிளகுக் கொடியோடு கீழே வருவது, கூரைத் தகரம் பறப்பது. காற்று நின்றால்தான் நிம்மதி. சாயங்காலம் கோயிலுக்குப் போய் எலுமிச்சை வைத்துவிட்டு வந்தாள்.

"என்னங்கம்மா வேண்டுனீங்க?"

"காத்து நிக்கோணும்னு."

"இங்கயா, அங்கயா?"

"எங்கயும்தான்."

ஆடி 9, வியாழன்

பனி விலகி, வெயில் எட்டிப் பார்த்தது. இலை அசையவில்லை. ஆடியில் இப்படி ஒரு நாள் யாரும் பார்த்ததில்லை என்று பஸ்ஸில் பேச்சு.

பச்சை அம்பு நகரவில்லை. மற்ற அம்புகளும். நடுக்கடலில் எல்லாம் ஒரே கும்பலாக. படம் கெட்டுவிட்டது என்று அக்கா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். இல்லை, நிஜமாகவே நிற்கிறீர்கள்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். "நின்னுட்டா நல்லதுதானே கண்ணு. ஓடற பஸ்ஸுதான் கவுறும், நின்ன பஸ்ஸு கவுறுமா?" பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள், மாரியம்மன் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள், கடலே நின்றுவிட்டது என்று.

மூன்று மணி வாக்கில் உன் குரல். ஏதோ ஒரு தீவு பக்கத்தில் இருப்பதால் சிக்னல். பின்னால் யாரோ பாடுகிறார்கள், யாரோ திட்டுகிறார்கள்.

"அக்கா, அம்மா என்னுங்க வேண்டுனாங்க? பொட்டுக் காத்தில்ல. பாய் செத்த பாம்பாட்டம் தொங்குது. கேப்டன் நொம்பக் கடுப்புல இருக்கறாரு. வெயில் மண்டையப் பொளக்குது. இப்படியே போனாத் தண்ணியப் பங்குபோட்டுத்தான் குடிக்கோணும். அம்மாகிட்டச் சொல்லி வேண்டுதல வாபஸ் வாங்கச் சொல்லுங்க. காத்து வேணும்னு கேக்கச் சொல்லுங்க, கொஞ்சம் தாராளமா!"

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நானும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். நீ பேசினது போலவே பேசிக் காட்டினேன். வெயில், தண்ணீர்ப் பங்கு எல்லாம் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. "தண்ணி கூடவா இல்ல எம்பையனுக்கு?" உடனே குளித்தாள். ஈரத் துணியோடு கோயிலுக்கு. நானும் கூடப் போனேன்.

"நேத்துக் கேட்டத மாத்திக் கேக்கறேன், தாயே. கோவிச்சுக்காத. தெரியாமக் கேட்டுட்டேன். எம்பையனுக்குக் காத்துக் குடு. நல்லாக் குடு. அக்கினிச் சட்டி எடுத்து உன்ற வாசலுக்கு வாரேன்."

பூசாரி மணியடித்தார். "எந்த ஊருக்குங்க காத்து?" என்று கேட்டார். நான்தான் கிரீஸ் என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஆடி 10, வெள்ளி

காற்று. விடிவதற்கு முன்பே ஆரம்பம். கூரைத் தகரத்தின் மேல் அப்பா இரண்டு கல் ஏற்றினார். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓக் மரம் மின்கம்பியோடு சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை. அதனால் டவரும் இல்லை. ஊரில் ஒருத்தர் போனும் எடுக்காது.

"நாங் கேட்டது அங்க. இங்கயும் சேத்துக் குடுத்துட்டா" என்கிறாள் அம்மா. கொஞ்சம் பெருமையோடு.

பஸ் தாமதம். வழியில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடையில் போய்ப் பார்த்தால் பச்சை அம்பு பறக்கிறது! நேற்றைக்கு எறும்பு, இன்றைக்கு முயல். மதியத்துக்குள் நாலு படகைத் தாண்டி மூன்றாவது இடம். அக்கா வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு, "போடு, போடு, அந்தச் சிவப்பையும் தாண்டு" என்று திரைக்குச் சொல்கிறார்.

நீ அனுப்பிய கடைசிச் செய்தி நாலு சொல்: "காத்து வந்துருச்சு. அம்மாவுக்கு முத்தம்."

முத்தத்தை எப்படிச் சொல்வது? "உங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னானுங்கம்மா" என்று மாற்றிச் சொன்னேன். மூன்றாவது இடம் என்றதும் அப்பா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். மாமா தேங்காய் உடைத்தார். அவர் செலவில்.

வாங்கவேண்டியது: (சட்டிக்கு வேப்பிலை ஊரிலேயே கிடைக்கும்) சூடம், மஞ்சள் துணி, நல்லெண்ணெய்.

ஆடி 11, சனி

எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

மழை இல்லை. காற்று உண்டு. சூடம் வாங்கினேன். மஞ்சள் துணி வாங்கினேன்.

காலையில் பார்த்தபோது அம்பு திரும்பியிருந்தது. வந்த வழியே. பிறகு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி. நூல் கண்டு சிக்கின மாதிரி கோடுகள். சிவப்புப் படகும் போட்டியை விட்டு அங்கே வந்தது. இன்னும் இரண்டு படகுகள். எல்லாம் சேர்ந்து சுற்றின. மறுபடியும் காற்று நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அக்கா, "எதாவது மீனப் பாத்திருப்பாங்க" என்றார்.

பதினொன்றுக்குக் கடை போன். வீட்டில் சிக்னல் நிச்சயமில்லை என்பதால் குமரேசன் இந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தான்.

ஒரு பெண். போட்டி அலுவலகத்திலிருந்து. மென்மையான குரல். ஆங்கிலம். என் பெயரைத் தப்பாகச் சொன்னாள். பிறகு அவன் பெயரைத் தப்பாகச் சொன்னாள். அந்தத் தப்பில் ஒரு நொடி, வேறு யாரையோ சொல்கிறாள் என்று இருந்தது.

விடியும் நேரத்தில் பெரிய காற்று. மேலே சுக்கான் பிடித்திருந்தவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது படகு சாய்ந்தது. கொக்கி மாட்டவில்லை. மேலே ஏறும்போது ஒரு கையில் தேநீர், ஒரு கையில் பிடி. மாட்ட மூன்றாவது கை இல்லை. (இது நான் நினைத்தது. அவள் சொன்னது கொக்கி மாட்டவில்லை என்பது மட்டும்.) மிதவைச் சட்டையும் இல்லை. கப்பலும் ஹெலிகாப்டரும் தேடுகின்றன.

மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னாள்.

கல்லூரியில் மூன்று வருடம் ஆங்கிலத்தில் படித்தேன். எனக்கு வந்தது "ஓகே". "ஓகே, ஓகே, தேங்க்யூ" என்றேன். தம்பி கடலில் விழுந்துவிட்டான் என்று சொன்னவளுக்குத் தேங்க்யூ.

உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். வலது கையில் மஞ்சள் கயிறு என்றேன்.

ஜமீலா அக்கா: "புரியலன்னா என்கிட்டக் குடு, எங்க மருமகனுக்குப் போன் போட்டுக் கேக்கலாம்."

"புரிஞ்சுருச்சுங்கக்கா."

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். அழுகை வரவில்லை. ஒருவர் குனிந்து ஷட்டருக்குக் கீழே தலை நீட்டி, "ஏனுங்க, ஆதார் நகல் ஒண்ணு கெடைக்குமுங்களா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம்.

பஸ்ஸில் யோசித்தது: அம்மாவிடம் எப்படிச் சொல்வது. கோயில் வளைவு வந்ததும் யோசித்தது: எப்படிச் சொல்லாமல் இருப்பது.

சொன்னால் காப்பு நிற்கும். கம்பம் பிடுங்குவார்கள். அது போகட்டும். ஊர் பேசிக்கொள்ளட்டும். ஆனால் அம்மா முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: எதனால்? காற்றால். யார் கேட்ட காற்று? கேட்கச் சொன்னது யார்?

நிறுத்தத்தில் இறங்கினேன். எதிரே வந்துவிட்டாள். என் முகம் அவளுக்கு எழுத்துக் கூட்டாமலே படிக்கத் தெரியும். பத்தடி இருக்கும்போதே சொல்லிவிட்டேன்:

"தொடாதீங்கம்மா. தூரமாயிட்டேன்."

"அடக் கடவுளே. காப்பு நேரத்துலயா? இந்த மாசம் இத்தனை சீக்கிரமா?"

"ஆமாங்கம்மா."

பையைக் கீழே வைத்தேன். நான் நகர்ந்ததும் எடுத்துக்கொண்டாள். பொய்தான். ஆனால் கோயில் பக்கம் போகாமலிருக்க இதுதான் வழி. சாவுத் தீட்டை நான் மட்டும் தூக்கிக்கொண்டு தள்ளி இருக்கலாம். இப்போது பின்னால் காப்பிக் கொட்டகையில் இருக்கிறேன். சாக்குகள், ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. யாரும் உள்ளே வர மாட்டார்கள். யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து அம்மா குரல்: "ஏங்கண்ணு, அங்க காத்து அடிக்குதாமா?"

"அடிக்குதுங்கம்மா."

"நாங் கேட்டம்ல."

ஆடி 12, ஞாயிறு

வெயில். சுற்றுலாக் கார்கள் வரிசையாக. ஏரிக்கரையில் படகுச் சவாரிக்கு நின்ற கூட்டத்தைப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டேன்.

தேடுகிறார்கள்.

போட்டிப் பக்கத்தில் வானிலை போட்டிருக்கிறது. நேற்று அங்கே ஒரு மேகம் இல்லையாம். நம் மலையில் காற்று வந்தால் முன்னால் பனி வரும், இருட்டும், மாடு கத்தும். அங்கே வானம் நீலமாகவே இருக்கும்போது வந்துவிடுகிறது. அந்தக் காற்றுக்குப் பெயர்கூட இருக்கிறது. வருடா வருடம் இந்த மாதங்களில் வீசுமாம்.

அக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பாத்தியா? யாரும் கேக்காமயே வர்ற காத்து. உங்கம்மா கேட்டா வந்துச்சு? போய்ச் சொல்லு கண்ணு. எங்க அத்தா மௌத்தானத எங்கிட்ட மூணு நாள் மறைச்சாங்க, பரீட்சைன்னு. இன்னிக்கும் மனசு ஆறல எனக்கு. பெத்தவகிட்ட மறைக்கக் கூடாது."

"அம்மா இந்தப் பக்கத்தப் படிக்க மாட்டாங்கக்கா."

"நீ படிச்சுச் சொல்லு."

"புதன்கிழமை சொல்றேன். காப்பு அவுத்ததும்."

"அது வரைக்கும்?"

அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரைப் பார்த்ததும் வைத்துவிட்டேன்.

மூன்றாவது வந்த படகின் படம் போட்டிருக்கிறார்கள். வேறு படகு. எல்லோரும் கைதூக்கிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அப்போது தெரியாது போல.

சாயங்காலம் அப்பா கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே பார்க்காமல், ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டு.

"போட்டி முடிஞ்சுதா கண்ணு?"

"முடிஞ்சுதுங்கப்பா."

"குமரேசு எத்தனாவது?"

"அவங்க படகு இன்னும் கரைக்கு வல்லீங்கப்பா."

"கடேசியா வந்தாலும் செரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி 13, திங்கள்

காலையில் அம்மா காபியை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "ராத்திரியும் ஒண்ணும் கனவு வல்ல. நல்லதுதான்."

சின்ன மாமா கூர்க்குக்குக் காப்பி பறிக்கப் போய் அங்கேயே இறந்தது நமக்குப் போனில் தெரிந்தது மதியம். அம்மாவுக்கு விடியற்காலையிலேயே தெரியும். கனவில் வந்து, நனைந்த தலையோடு வாசலில் நின்று கஞ்சி கேட்டாராம். அழுதுகொண்டே அடுப்புப் பற்ற வைத்தாள். அப்பா திட்டினார். பிறகு போன் வந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கனவென்றால் தந்தி. கனவில் யாரும் வராத நாளெல்லாம் நல்ல நாள்.

இதை நான் மறந்துவிட்டிருந்தேன். ஊரில் டவர் இல்லை, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அந்தப் பெண் மறுபடியும் பேசினாள். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் இவ்வளவு நேரத்துக்கு மேல் என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள்.

கேட்க நினைத்தது: விழும்போது கத்தினானா. என்ன மொழியில் கத்தினான். யாருக்காவது அது புரிந்ததா.

கேட்டது: "கையில் கயிறு இருந்ததா?"

அவளுக்கு உடனே புரியவில்லை. மஞ்சள், வலது கை, கயிறு என்று தனித்தனியாகச் சொன்னேன். இந்த முறை என் ஆங்கிலம் எனக்கே கேட்டது. நடுங்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். கடை மூடுவதற்குள் செய்தி அனுப்பினாள். தேநீர் வாங்கிக்கொண்டவர் பார்த்திருக்கிறார். இருந்ததாம். நனைந்து, கையெல்லாம் மஞ்சளாக.

அப்படியானால் காப்பு உன்னோடுதான் இருக்கிறது. அவிழ்க்க ஆள் இல்லாமல்.

திரும்பி வரும்போது கோயிலில் மேளம். தீட்டு தெரிந்தவளுக்கு மட்டுமா, தெரியாதவளுக்கும் உண்டா? யாரிடம் கேட்பது? பூசாரியிடம் கேட்டால் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பெரிய மாமா வந்து, "கால் வலிக்குதுன்னியே, சின்னச் சட்டியா எடுக்கலாம்ல" என்றார்.

"கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கறாங்கண்ணா. கஞ்சத்தனமா எடுக்கறதா?"

அவர் குரலில் இப்போதெல்லாம் கிண்டல் இல்லை. "உம்பையன் வரட்டும், அடுத்த வருசம் அவனையே எடுக்கச் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குமரேசா, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்று வேண்டாம்.

ஆடி 14, செவ்வாய்

காற்று இறங்கவில்லை. வானம் தெளிவு. கடைக்குப் போகவில்லை.

அம்மா அக்கினிச் சட்டி எடுத்தாள்.

நான் ஓக் மரத்துக்கு அந்தப் பக்கம், தூரமானவர்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி, "உனக்கு வயித்துவலியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்றாள். ஆமாம் என்றேன்.

மஞ்சள் சேலை, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. இரண்டு கையிலும் வேப்பிலைக்கு மேல் சட்டி. அப்பா பக்கத்திலேயே வந்தார், பிடித்துக்கொள்ளத் தயாராக. காற்று அடிக்கும்போதெல்லாம் தீ அவள் முகத்துப் பக்கம் சாய்ந்தது. கூட்டம் பின்வாங்கியது. மாமா, "மறச்சு நில்லுங்கடா, காத்த மறச்சு நில்லுங்க" என்று கத்தினார். நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள்.

அம்மா சொன்னாள், எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தமாக:

"மறைக்காதீங்க. நாங் கேட்டு வாங்குன காத்து. அடிக்கட்டும்."

முன்கையில் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறாள். வலியில்லை என்கிறாள். கொட்டகை வாசலில் பொங்கல் வைத்துவிட்டு, "அவன் வந்ததும் இந்தக் கையக் காட்டி ஒரு நகை கேக்கோணும்" என்றாள்.

மின்வாரிய ஆட்கள் சாயங்காலம் வந்து மரத்தை அகற்றிவிட்டார்கள். நாளைக்குக் கரண்ட், நாளைக்கே டவர். நாளைக் காலை காப்பு அவிழ்ப்பு. ஜமீலா அக்கா முதல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்வேன். படகு சாய்ந்தது என்பேன். ஈரம், வழுக்கியது என்பேன். காற்று என்ற சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

இப்போது இன்னும் முழுதாக இருட்டவில்லை. அம்மா அலுப்பில் சீக்கிரமே படுத்துவிட்டாள், உன் ஆணிக்குக் கீழே, பாய் விரித்து. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் மூச்சு கேட்கிறது. தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் இதை இன்றே கேட்டாக வேண்டும். நேற்றே கேட்டால் நீ இல்லை என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று தள்ளி வைத்தேன்.

குமரேசா, உனக்குக் குளிரும். தாகமாகவும் இருக்கும். அம்மாவிடம்தான் போகத் தோன்றும். தெரிகிறது. இன்று ஒரு ராத்திரி மட்டும் அவள் கனவில் வராதே, சாமி. கொட்டகைக்கு வா. கதவைச் சாத்தவில்லை. கஞ்சி வைத்திருக்கிறேன்.